மணி சரி, ஊர் தப்பு

திருவொற்றியூரிலிருந்து மணலிக்கும் எண்ணூருக்கும் போகிற சாலைகளில் எடைமேடைகளுக்குப் பஞ்சமே இல்லை. 'கம்ப்யூட்டர் எடைமேடை' என்று சுவரில் ஆள் உயர எழுத்து. உள்ளே ஒரு சின்ன அறை, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், காய்ந்த மாலையோடு ஒரு சாமி படம். டிரெய்லர் மேடையேறி நின்றதும் வண்டி எண்ணைத் தட்டுவார்கள். பிரிண்டர் கீச்சிட்டு ஒரு சீட்டைத் துப்பும். மொத்த எடை, காலி எடை, நிகர எடை, கீழே தேதியும் நேரமும்.

அப்படி ஒரு காலையில் வந்த சீட்டில் தேதி 01-01-2009 என்றிருந்தது. நேரம் நள்ளிரவு 12.07. டிரைவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாண்ணே இது, அப்போ நான் கிளீனரா இருந்தேன்" என்றார்.

எடை சரிதான். ஆனால் அந்தச் சீட்டை யார்டு கேட்டில் நீட்ட முடியாது. பார்ட்டியிடம் கொடுத்தால் வாடகையில் கை வைப்பார். எடைமேடைக்காரர் தேதியையும் மணியையும் கையால் மாற்றி, மறுபடி ஒரு சீட்டு அடித்துக் கொடுத்தார். இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை கம்ப்யூட்டர் மறுபடியும் 2009-க்குப் போயிருந்தது.

கம்ப்யூட்டர் மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு விரல் கனத்துக்குக் கருப்புத் தூசி. எண்ணூர்ப் பக்கத்துக் கம்ப்யூட்டர்களை மூடி கழற்றியவர்களுக்கு அந்தக் கருப்பு பழக்கமானது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மதர்போர்டின் ஓரத்தில் எட்டணா நாணயம் மாதிரி இருந்ததை ஸ்குரூ டிரைவர் முனையால் நெம்பி எடுத்தார். மூன்று வோல்ட் காயின் செல், சிஆர்2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தார். இரண்டு வோல்ட்டைத் தொடவே திணறியது.

கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் அதற்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அந்தக் கடிகாரம் அதில் ஓடும். மெயினை அணைத்தால் காயின் செல்லில் ஓடும். பெரிய அலுவலகங்களில் யாரும் மெயினை அணைப்பதில்லை, அதனால் அங்கே செல் பல வருடம் உழைக்கும். நம் எடைமேடை, லாரி ஆபீஸ், ஜெராக்ஸ் கடைகளிலோ ஷார்ட் சர்க்யூட் பயத்திலும் கரன்ட் பில் பயத்திலும் ராத்திரி மெயினை இறக்கிவிட்டுத்தான் பூட்டுவார்கள். பாதி நாள் முழுக்க அந்தச் செல் மட்டுமே கடிகாரத்தைத் தாங்குகிறது. அது சீக்கிரம் சாகும். செத்ததும் கம்ப்யூட்டருக்குப் பிறந்த தேதி மட்டும்தான் ஞாபகத்தில் மிஞ்சும். 2009 அப்படி வந்ததுதான்.

செல்லின் விலை முப்பது, நாற்பது ரூபாய். ரிச்சி தெருவில் அட்டையோடு வாங்கினால் இன்னும் மலிவு. ஆனால் மெக்கானிக் செல்லை மாற்றியதோடு நிற்கவில்லை. திரையின் வலது மூலையில் மணியைத் தட்டித் திறந்து உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டைம் மாத்துறது வேற, டைம் சோன் மாத்துறது வேறண்ணே. இது இன்னும் அமெரிக்காவுலதான் இருக்குது."

எவ்வளவு தப்புகிறது என்று பாருங்கள்

இந்தக் கட்டுரையில் சொல்ல வந்த விஷயம் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். கம்ப்யூட்டரில் மணி தப்பாகத் தெரிந்தால் நாம் உடனே முள்ளைத் திருப்பப் பார்க்கிறோம். திருப்பும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: எவ்வளவு தப்புகிறது? அந்த வித்தியாசமே நோயைக் காட்டிக் கொடுத்துவிடும்.

வருடக்கணக்கில் தப்பினால் செல். தப்புவது சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் யாரோ காலை, மாலையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் அந்தக் கம்ப்யூட்டர் உலகப் பொது நேரமான யுடிசியில் நிற்கிறது. ஒரே பெட்டியில் விண்டோசும் லினக்சும் வைத்திருப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். மதர்போர்டுக் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருக்கிறது என்று விண்டோஸ் நம்பும். அதே கடிகாரத்தில் யுடிசி இருக்கிறது என்று லினக்ஸ் நம்பும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் மணி ஐந்தரை மணி நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். கடிகாரத்தில் கோளாறே இல்லை. லினக்சிடம் 'இதில் இருப்பது உள்ளூர் நேரம்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டால் குதிப்பது நின்றுவிடும்.

இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடினால் சிங்கப்பூர் அல்லது பெய்ஜிங். கப்பலிலிருந்து இறங்கிவந்த தம்பியின் லேப்டாப்பில் இதைப் பார்க்கலாம். பெட்டியிலிருந்து எடுத்த அன்றே சுவரில் மாட்டிய சிசிடிவி ரெக்கார்டரிலும் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் பின்னால் என்றால் துபாய். பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் என்றால், அமெரிக்க மேற்குக் கரையில் வெயில்காலம் என்றால் பன்னிரண்டரை, விண்டோசைப் போட்டவர் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிக்கொண்டே போயிருக்கிறார். அது மைக்ரோசாஃப்ட் இருக்கும் பசிபிக் கரை நேரத்திலேயே தங்கிவிட்டது.

சில நிமிடங்கள் மட்டும் தப்பினால்? அது எந்த ஊரும் இல்லை. உள்ளே துடிக்கும் குவார்ட்ஸ் படிகத்தின் குணம். நொடிக்கு 32,768 முறை அது அதிர வேண்டும். ஒன்றை இரண்டால் பதினைந்து தரம் பெருக்கி வரும் எண் என்பதால் பாதி பாதியாக வகுத்து ஒரு நொடிக்குக் கொண்டுவருவது சுலபம். ஆனால் பத்து லட்சத்தில் இருபது பங்கு முன்பின் இருப்பது சாதாரணம். அப்படி இருந்தால் நாளுக்கு ஒன்றே முக்கால் நொடி தப்பும். இன்டர்நெட் இல்லாத கம்ப்யூட்டரை ஒரு வருடம் சும்மா விட்டால் பத்து நிமிடம் போய்விடும்.

இதில் மோசமான கேஸ் எது தெரியுமா? மணி சரியாகத் தெரிகிற கம்ப்யூட்டர்தான். ஊர் பசிபிக்கில் இருக்க, முள்ளை மட்டும் கையால் திருப்பிச் சென்னை நேரம் ஆக்கியிருப்பார்கள். காலை 10 மணிக்கு அதிலிருந்து ஒரு மெயில் போகிறது. 'என் ஊரில் மணி 10, என் ஊர் யுடிசிக்கு எட்டு மணி நேரம் பின்னால்' என்று கம்ப்யூட்டர் அதில் எழுதி அனுப்பும். வாங்குகிறவரின் கம்ப்யூட்டர் அதைக் கணக்கிட்டு, 'அனுப்பியது இரவு 11.30' என்று காட்டும். இன்னும் வராத ராத்திரியில் அனுப்பிய மெயில்! பகிர்ந்து வைத்திருக்கும் எக்செல் ஃபைலில் பழையது புதிதாகிவிடும், புதிது பழையதாகிவிடும். இதற்கு மேல் இன்டர்நெட் நேரத்தோடு சேர்த்துவிட்டால், கம்ப்யூட்டர் விசுவாசமாக முள்ளைக் கலிபோர்னியா நேரத்துக்குத் திருப்பிவிடும். "சரி பண்ணினா மறுபடி கெட்டுப்போகுது" என்ற புகார் இப்படித்தான் பிறக்கிறது.

விண்டோசில் நமக்கான ஊரைத் தேடுவது கஷ்டமில்லை. '+5:30' என்ற வரியில் நான்கு நகரங்களின் பெயர் இருக்கும்; ஆங்கில அகரவரிசையின் புண்ணியத்தில் சென்னைதான் முதல் பெயர். அதே +5:30-இல் 'ஸ்ரீ ஜெயவர்த்தனபுர' என்று இன்னொரு வரியும் உண்டு. அது இலங்கை. இன்றைக்கு இரண்டையும் தட்டினால் ஒரே மணிதான் வரும். அப்புறம் ஏன் இரண்டு வரி என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

ராயபுரத்துக்கு ஓடிய நேரம்

வடசென்னைக்கு இந்தத் தொல்லை புதிதில்லை. 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. இன்றைக்கும் ரயில் நிற்கிற ஸ்டேஷன்களில் இந்தியாவிலேயே பழைய கட்டடம் அதுதான். அதுவரை ஒவ்வொரு ஊருக்கும் அதன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரம்தான் நண்பகல். மாட்டு வண்டிக்கு அது போதும். ரயிலுக்குப் போதாது. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளின் கார்டுகள் வெவ்வேறு ஊர் நேரம் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ரயிலுக்குத் தேவையான அந்த ஒரே நேரம் மெட்ராசிலிருந்துதான் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக் கூடம் கட்டியது. கப்பல்கள் கடலில் தங்கள் தீர்க்கரேகையைக் கண்டுபிடிக்க, கரையில் துல்லியமான நேரம் ஒன்று தேவைப்பட்டது. ஆக, இதுவும் அடிப்படையில் துறைமுகத்துத் தேவைதான். மைக்கேல் டாப்பிங் தொடங்கி வைத்தார். அவருக்குப் பின் வந்த ஜான் கோல்டிங்ஹாம் மெட்ராசின் தீர்க்கரேகையைக் கணக்கிட்டு, கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால் என்று மெட்ராஸ் நேரத்தை நிறுத்தினார். அன்றைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டோடு, நுங்கம்பாக்கம் வானிலை மையத்தின் வளாகத்தில் இன்றும் நிற்கிறது. புயல் வரும்போது டிவியில் பேட்டி கொடுப்பார்களே, அதே வளாகம்.

பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிடம். கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம். மெட்ராஸ் ஏறத்தாழ நடுவில். அதனால் 1870 வாக்கில் நாடு முழுவதும் ரயில்வேக்கு மெட்ராஸ் நேரம் என்று ஆனது. நுங்கம்பாக்கத்திலிருந்து தந்தி போகும். லாகூரிலும் பம்பாயிலும் ஸ்டேஷன் கடிகாரம் அதன்படி நிற்கும். ஸ்டேஷனுக்கு வெளியே அந்தந்த ஊர் நேரம். பம்பாய்க்காரர்கள் ரயிலைப் பிடிக்க அரை மணி நேரத்தைக் கணக்கில் கூட்டிக்கொண்டுதான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது.

1906 ஜனவரி 1 முதல் நாட்டுக்கெல்லாம் ஒரே நேரம் என்று வந்தது. அலகாபாத் அருகே மிர்சாபூர் வழியாகப் போகும் 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்து +5:30. மெட்ராஸ்காரர்கள் முள்ளை ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். பம்பாய்க்காரர்கள் 39 நிமிடம் தள்ள வேண்டியிருந்தது; சண்டை போட்டார்கள், 1955 வரை தங்கள் நேரத்தை விடவில்லை. கல்கத்தா 1948 வரை பிடிவாதமாக இருந்தது. பெருந்தன்மையை ஒன்பது நிமிடத்துக்குக் காட்டுவது சுலபம், முப்பத்தொன்பது நிமிடத்துக்கு யாருக்கும் வராது என்பதுதான் இதில் எனக்குப் படுவது.

மெட்ராஸ் நேரம் செத்துப்போய்விட்டது என்று நினைத்தால் அதுவும் இல்லை. உலகத்து லினக்ஸ் கம்ப்யூட்டர்களும் ஆண்ட்ராய்டு போன்களும் எந்த ஊரில் எப்போது என்ன நேரம் இருந்தது என்ற பட்டியல் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன. அதில் இந்தியாவின் பெயர் 'ஏசியா/கொல்கத்தா'. அந்தப் பெயரின் அடியில் பிரித்துப் பார்த்தால் 1870 முதல் 1906 வரை 'எம்எம்டி', 5 மணி 21 நிமிடம் 10 நொடி என்று ஒரு வரி இருக்கிறது. மெட்ராஸ் மீன் டைம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனுக்கு ராயபுரத்து ரயில் எந்த நேரத்துக்கு ஓடியது என்று தெரியும்.

அதே பட்டியலில் இன்னொரு வரி நம் வீட்டுப் பெரியவர்களைத் தொடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின; அப்போது நாம் யுடிசிக்கு ஆறரை மணி நேரம் முன்னால். அந்த மூன்று வருடத்தில் பிறந்தவர்களின் பிறந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்திருந்தால், இன்றைய ஜாதக சாஃப்ட்வேரில் அப்படியே போடக்கூடாது. ஒரு லக்னத்துக்குச் சராசரி இரண்டு மணி நேரம். ஒரு மணி நேரம் தப்பினால் லக்னமே மாறிப்போகப் பாதி வாய்ப்பு உண்டு. நம்புகிறவர்கள் தங்கள் சாஃப்ட்வேருக்கு இந்த விவரம் தெரியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சங்கு ஊதிய காலத்தில் மணி தப்பும் பிரச்சினை வேறு மாதிரி இருந்தது. ஆலைச் சங்குதான் பேட்டைக்கே கடிகாரம். திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்டு மாறும்போது சங்கு ஊதினால் அடுப்பிலிருந்து சோறு இறங்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடும். சங்கு இரண்டு நிமிடம் தப்பாக ஊதினாலும் எல்லாருக்கும் ஒரே தப்பு, சண்டை வராது. இப்போது கேட்டுக்குக் கேட்டு விரல் ரேகை வைக்கும் இயந்திரம். அதனதன் கடிகாரம் அதனதன் போக்கில் ஓடும். இயந்திரம் எட்டு நிமிடம் முன்னால் ஓடினால் சரியான நேரத்துக்கு வந்த கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு 'லேட் பஞ்ச்' விழும். மூன்று லேட்டுக்கு அரை நாள் சம்பளம் என்ற கணக்கு வைத்திருக்கும் இடத்தில் அந்த எட்டு நிமிடம் யாருடைய பாக்கெட்டிலிருந்து போகிறது? சூப்பர்வைசரிடம் போய், "சார், மெஷின் டைமையும் செல்போன் டைமையும் பக்கத்துல பக்கத்துல வச்சி ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்" என்று கேட்கலாம். கேட்டால் முறைப்பார்கள் என்பதும் தெரியும்.

ஆறரைக்கு மேல் மறுநாள்

தம்புச்செட்டித் தெருவின் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்களில் நேரம் என்பது நேராகப் பணம். கப்பல் எப்போது வரும் என்ற தகவல் மெயிலில் வரும். சிலர் உள்ளூர் நேரம் என்று குறிப்பார்கள், சிலர் யுடிசி என்று குறிப்பார்கள், சிலர் எதையும் குறிக்க மாட்டார்கள். '14-ஆம் தேதி 20.00' என்று ஒரு மெயில். உள்ளூர் என்றால் 14-ஆம் தேதி இரவு எட்டு மணி. யுடிசி என்றால் நமக்கு 15-ஆம் தேதி விடியற்காலை ஒன்றரை. யுடிசியில் மாலை ஆறரை ஆகும்போது இங்கே நள்ளிரவு. அதற்கு மேல் எழுதியிருக்கும் எந்த மணியும் நமக்கு மறுநாள்.

ஒரு நாள் முன்பின் ஆனால் என்ன என்று கேட்க முடியாது. 2021-ல் சுங்கச் சட்டத்தின் 46-ஆம் பிரிவைத் திருத்தினார்கள். சரக்கு வரும் நாளுக்கு முந்தின நாள் முடிவதற்குள், லீவு நாளானாலும், பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும் என்பது பொது விதி. தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். 14 என்று நினைத்தவர் 13-ஆம் தேதிக்குள் அவசரமாகப் போட்டுவிடுவார், நஷ்டமில்லை. 14-ஆம் தேதி வரும் கப்பலை 15 என்று நினைத்துத் தள்ளிப் போட்டவர்தான் மாட்டுவார். சுங்கத்தின் சர்வரில் ஓடுவது இந்திய நேரம். நம் கம்ப்யூட்டர் எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை.

ஆனால் நம் கம்ப்யூட்டர் அந்தச் சர்வருக்குள் நுழையவே கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். பாதுகாப்பான எந்த இணையதளமும் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்' என்று இருக்கும். உங்கள் கம்ப்யூட்டர் 2009-ல் இருந்தால், இன்னும் பிறக்காத சான்றிதழ் என்று பிரவுசர் கதவைச் சாத்திவிடும். பேங்க் திறக்காது, ஜிஎஸ்டி திறக்காது, யூஎஸ்பியில் செருகும் டிஜிட்டல் கையெழுத்தும் 'இன்னும் செல்லுபடி ஆகவில்லை' என்று மறுக்கும். முப்பது நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்கம் மாறும் ஆதென்டிகேட்டர் ஆப் இன்னும் கறார். போனின் கடிகாரம் ஓரிரு நிமிடம் தப்பினாலே எண் பொருந்தாது. ஆபீஸில் நெட் போய்விட்டது என்று கேபிள்காரரைத் திட்டுவார்கள். நெட் ஒழுங்காகத்தான் இருக்கும்.

காசிமேட்டிலும் இதே கதைதான். விசைப்படகின் ஜிபிஎஸ் கருவி செயற்கைக்கோளிலிருந்து நேரத்தை நொடி பிசகாமல் வாங்குகிறது, ஆனால் வருவது யுடிசி நேரம். ஐந்தரையைக் கூட்டச் சொல்லி அமைக்காவிட்டால், நள்ளிரவில் கிளம்பிய படகு முந்தின நாள் சாயங்காலம் கிளம்பியதாகக் காட்டும்.

இப்போது ஸ்ரீ ஜெயவர்த்தனபுரவுக்கு வருகிறேன். சென்னையின் கன்டெய்னர்களில் கொழும்பில் கப்பல் மாறிப் போகிறவை நிறைய. அந்த இலங்கை 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி +6:30 ஆக்கியது. ஐந்து மாதத்தில், அக்டோபரில், அரை மணி நேரம் பின்னால் இழுத்து +6 ஆக்கியது. 2006 ஏப்ரல் 15 அன்று பழையபடி +5:30-க்கே திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இருந்தன. சோதனைச் சாவடியைத் தாண்டினால் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டும் என்ற நிலை பத்து வருடம். அரசு முடிவெடுத்தால் மனிதர்கள் முள்ளைத் திருப்பிக்கொள்வார்கள். கம்ப்யூட்டருக்குப் புது விதியை யாராவது எழுதி, அப்டேட்டாக அனுப்பி, அதை ஒருவர் போட வேண்டும். போடாத கம்ப்யூட்டர் பழைய விதியிலேயே அரை மணி நேரம் முன்னால் ஓடும். அதற்காகத்தான் கொழும்புக்கு இன்றும் தனி வரி. கொழும்பின் பழைய ரசீது ஒன்றைச் சரிபார்க்கிறவருக்கு, அந்த நாளில் அங்கே என்ன நேரம் என்பதைச் சென்னை வரி சொல்லாது.

எடைக்கு முத்திரை, மணிக்கு?

எடைமேடையின் எடையை வருடத்துக்கு ஒருமுறை சட்டமுறை எடையளவுப் பிரிவு சோதித்து முத்திரை வைக்கிறது. அதே சீட்டில் கீழே அச்சாகும் நேரத்தை இதுவரை யாரும் சோதித்ததில்லை. அதுவும் மாறக்கூடும். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழேயே, இந்திய நேரத்துக்கான வரைவு விதிகளை 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறை வெளியிட்டது. வணிகத்திலும் நிர்வாகத்திலும் சட்ட ஆவணங்களிலும் இந்திய நேரம் மட்டுமே செல்லும், கணினி அமைப்புகள் அதோடு ஒத்துப்போக வேண்டும் என்பது அதன் சாரம். கிலோவுக்கும் லிட்டருக்கும் இருக்கும் கண்டிப்பு மணிக்கும் வருகிறது. எனக்கு இது சரியாகவே படுகிறது. கரையில் ஒரு டன் குறைந்தால் கேட்கிற நாம், ஒரு நாள் குறைந்தால் ஏன் கேட்கக்கூடாது?

இந்திய நேரத்தை வைத்திருப்பது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே சீசியம் அணுக் கடிகாரங்களும் ஹைட்ரஜன் மேசர்களும் ஓடுகின்றன. அந்த நேரம் இன்டர்நெட் வழியாக யாருக்கும் கிடைக்கும். அரசின் என்ஐசி நடத்தும் 'சமய்' சர்வர்களும் உண்டு. கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு, நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் இந்த இரண்டில் ஒன்றோடு, அல்லது இவற்றோடு ஒத்துப்போகும் சர்வரோடு, நேரம் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. காரணம் எளிது. எண்ணூரில் ஒரு நிறுவனத்தின் பத்து கம்ப்யூட்டர்களில் ஹேக்கர் புகுந்தால், முதலில் எதில் நுழைந்தான், அடுத்து எதற்குப் போனான் என்பதைப் பதிவுகளின் நேரத்தை வைத்துத்தான் கோக்க முடியும். பத்தும் பத்து நேரம் காட்டினால் திருடன் பின்வாசலில் வந்து முன்வாசலில் போனானா, முன்வாசலில் வந்து பின்வாசலில் போனானா என்றே தெரியாது.

நெட் வழியே நேரம் கேட்பதில் ஒரு சிக்கல் உண்டு: பதில் வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடுகிறது. இதற்கு வழி கண்டவர் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ்; 2024 ஜனவரியில்தான் காலமானார். கேள்வி கிளம்பிய நேரம், சர்வரை அடைந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், திரும்பி வந்த நேரம் என்று நான்கையும் குறித்துக்கொண்டு, போய்வந்த தாமதத்தைப் பாதியாக்கிக் கழித்துவிடுகிற முறை அது. என்டிபி என்பார்கள். 1985-லிருந்து உலகம் அதில்தான் ஓடுகிறது.

சரி, வீட்டிலோ கடையிலோ செய்ய வேண்டியது என்ன? வரிசை முக்கியம். செல் செத்திருந்தால் முதலில் செல். அடுத்தது ஊர்: மணியின் மேல் வலது பக்க கிளிக் செய்து, தேதி நேர அமைப்பைத் திறந்து, டைம் சோனில் சென்னை இருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள். மேஜைக் கம்ப்யூட்டர் எங்கும் நகரப் போவதில்லை. 'டைம் சோனைத் தானாக அமை' என்பதை அணைத்து வைப்பது உத்தமம். மூன்றாவதாகத் தேதியையும் மணியையும் ஏறத்தாழ கையால் சரியாக்குங்கள். இதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. தனியாக இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர், இன்டர்நெட் சொல்லும் நேரம் தன்னுடையதிலிருந்து 15 மணி நேரத்துக்கு மேல் விலகியிருந்தால் அதை நம்பாமல் ஒதுக்கிவிடும். 2009-ல் நிற்கும் கம்ப்யூட்டரிடம் 'இன்டர்நெட்டோடு சேர்ந்துகொள்' என்று நூறு தரம் தட்டினாலும் கேட்காததற்கு இதுவே காரணம். கிட்டத்தில் கொண்டுவந்து விட்டபின் 'சிங்க் நவ்' தட்டினால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் மறுத்தால், கம்பெனியின் ஃபயர்வாலில் 123-ஆம் எண் போர்ட் மூடியிருக்கிறதா என்று நெட்வொர்க் பார்ப்பவரைக் கேளுங்கள். பெரும்பாலும் மூடித்தான் இருக்கும். நெட்டே இல்லாத எடைமேடைக்கு வேறு வழியில்லை, மாதம் ஒருமுறை செல்போனைப் பார்த்து ஒரு நிமிடத்தைத் திருத்த வேண்டியதுதான்.

சிசிடிவி ரெக்கார்டர் மட்டும் விதிவிலக்கு. அதன் நேரம் தப்பாக இருப்பதைக் கண்டதும் திருத்தக் கை பரபரக்கும். ஆனால் அன்று ஏதாவது திருட்டோ விபத்தோ நடந்து, அந்தப் பதிவு போலீஸ் கைக்குப் போகப்போகிறது என்றால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ரெக்கார்டர் காட்டும் மணியும் செல்போன் காட்டும் மணியும் ஒரே படத்தில் வருமாறு போட்டோ எடுத்து, எவ்வளவு வித்தியாசம் என்பதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தரும்போது ஒரு சான்றிதழும் தர வேண்டும். அந்தப் பதிவை ரெக்கார்டரிலிருந்து காப்பி எடுத்து, வித்தியாசத்தைக் குறிப்பில் சேர்த்த பிறகு ரெக்கார்டரின் ஊரை பெய்ஜிங்கிலிருந்து சென்னைக்கு மாற்றுங்கள். முன்பு பதிவானவற்றின் நேரத்தை யாரும் தொட வேண்டாம். இரண்டரை மணி நேரத்தைக் கழித்துப் படிக்க எந்த வக்கீலுக்கும் தெரியும்.